காந்த மீட்டர் சொல்வதை எப்போது நம்புவது? மண், ஓடைப் படிவு மாசு அளவீட்டில் வரும் கோளாறுகளும் அவற்றை நீக்கும் வழிகளும்

ஒரு பொருள் காந்தப்புலத்தில் எவ்வளவு காந்தமாகிறது என்பதே காந்த ஏற்புத்திறன். அதைக் காட்டும் மீட்டர் மாசை அளப்பதில்லை. மண்ணில் இருக்கும் இரும்பு ஆக்சைடை, அதிலும் பெரும்பாலும் மேக்னடைட்டை அளக்கிறது. அனல்மின் நிலையச் சாம்பல், உருக்காலைத் தூசு, வண்டிப் பிரேக்கின் தேய்மானம் போன்றவற்றில் காரீயமும் துத்தநாகமும் குரோமியமும் அந்த மேக்னடைட் துகள்களோடு சேர்ந்தே வந்து விழுவதால்தான் இந்த முறை பலிக்கிறது. அந்தச் சேர்க்கை இல்லாத இடத்தில் பலிக்காது.

எண் விசித்திரமாக வந்தால் முதலில் கையையும் கரண்டியையும் சந்தேகப்படுங்கள். அடுத்து ஈரத்தையும் புல்லையும். பிறகு பாறையை. ஆலையைக் கடைசியில். கீழே உள்ளவை அதே வரிசையில், செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்குகின்றன. எடுத்துக்காட்டுகள் பார்ட்டிங்டன் எம்எஸ்2 வகை மீட்டரை வைத்துச் சொல்லப்பட்டவை. திரையில் தெரிவது 10⁻⁵ எஸ்ஐ அலகில் கனஅளவு ஏற்புத்திறன். நிறைக்கு மாற்றிய மதிப்பு 10⁻⁸ மீ³/கிகி அலகில்.

## காற்றில் பிடித்தாலே எண் நிற்கவில்லை

ஒரே திசையில் மெல்ல நகர்கிறது. இது வெப்பம். மீட்டரைப் போட்ட கையோடு அளக்கத் தொடங்கியிருப்பீர்கள். பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள். களத்தில் தரைமேல் வைத்து அளக்கும் வளையச் சென்சார் மேல் வெயில் நேரே விழுந்தால் சூடேறச் சூடேற எண் நகரும். ஒரு குடை போதும். ஆய்வகத்தில் ஏசிக் காற்று சென்சார் மேல் படுவதும் இதே கோளாறுதான். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த மாதிரி அறை வெப்பநிலைக்கு வரும்வரை சென்சாருக்குள் வைக்காதீர்கள்.

நகர்வு சிறிதாகவும் சீராகவும் இருந்தால் அதை அறவே ஒழிக்க மெனக்கெட வேண்டாம், கழித்துவிடலாம். மாதிரிக்கு முன் காற்றில் ஒரு முறை, மாதிரி, பின் காற்றில் ஒரு முறை. முன் காற்று 0.0, மாதிரி 86.4, பின் காற்று 0.6 என்றால் இரண்டு காற்று அளவுகளின் சராசரி 0.3, திருத்திய எண் 86.1. 10 மி.லி. டப்பாவில் 12.4 கிராம் மண் இருந்தால் 86.1 × 10 ÷ 12.4 = 69.4. இதுதான் நிறைவழி ஏற்புத்திறன். இனி இந்த 69.4-ஐ வைத்தே மற்றக் கணக்குகளையும் பார்க்கலாம்.

முன்னும் பின்னும் துள்ளுகிறது. அருகில் இரும்பு நகர்கிறது, அல்லது மின் இரைச்சல். மேசையின் இரும்பு இழுப்பறை, சுழல் நாற்காலி, கைபேசி, பெல்ட் கொக்கி, முனையில் இரும்பு வைத்த காலணி என எல்லாவற்றையும் ஒரு மீட்டருக்கு அப்பால் தள்ளிவிட்டு 0.1 வீச்சில் (தசமம் வரை காட்டும் அமைப்பு; 1.0 வீச்சு முழு எண் மட்டும் காட்டும்) பத்து முறை காற்றை அளங்கள். பத்தும் ±0.2-க்குள் அடங்கினால் மீட்டருக்கு ஒன்றுமில்லை. அடங்கவில்லையா? சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். கேபிள் இணைப்பில் ஈரமும் மண்ணும் ஏறியிருக்கும், துடைத்து உலர்த்துங்கள். வேறு கேபிள் இருந்தால் மாற்றிப் பாருங்கள்.

காற்றில் நிற்கிறது, அளவுத்திருத்த மாதிரியில் தவறுகிறது. பெட்டியோடு வந்த திருத்த மாதிரியின் எண் அச்சிட்டதைவிட ஏறக்குறைய 20% குறைவாக வந்தால் பயப்பட வேண்டாம், யாரோ அலகுச் சுவிட்சை சிஜிஎஸ் (பழைய அலகு முறை) பக்கம் தள்ளியிருக்கிறார்கள். எஸ்ஐ பக்கம் வைத்தும் 2 சதவீதத்துக்கு மேல் நிலையாக விலகினால் தயாரிப்பாளரின் சர்வீசுக்கு அனுப்புங்கள். சென்சாரைத் திறந்து சுருளைத் தொட்டால் திருத்தமே போய்விடும்.

## எண் எதிர்மறையாக வருகிறது

தூய குவார்ட்ஸ் மணல், சுண்ணாம்பு மண், கரிமம் மிகுந்த சேறு ஆகியவை உண்மையிலேயே சற்று எதிர்மறை. நிறைவழியில் குவார்ட்ஸ் ஏறக்குறைய −0.6, தண்ணீர் −0.9. இந்த அளவில் வரும் எதிர்க்குறி பிழையல்ல. பிளாஸ்டிக் டப்பாவும் சிறு எதிர்மறைதான். அதே தொகுப்பின் காலி டப்பாக்கள் ஐந்தை அளந்து சராசரியைக் கழியுங்கள். ஒவ்வொரு தொகுப்பிலும் இதைச் செய்ய வேண்டும், ஏனெனில் நிறம் சேர்த்த மூடி சிலவற்றில் காந்தத்தன்மை இருக்கும்.

−5, −20 என்று வந்தால் மாதிரியில் தேடாதீர்கள். பூச்சியம் போட்டபோது பக்கத்தில் இரும்பு இருந்து பிறகு விலகியிருக்கிறது. வளையத்தை இடுப்பு உயரத்தில், பெல்ட் கொக்கிக்கு எதிரே பிடித்துப் பூச்சியம் போடுவது இதன் வழக்கமான காரணம்.

## ஒரே இடத்தில் மறுபடி வைத்தால் வேறு எண்

வளையச் சென்சார் பார்க்கும் ஆழம் பலர் நினைப்பதைவிடக் குறைவு. எம்எஸ்2 மீட்டரின் களச் சென்சாரான எம்எஸ்2டி வளையத்தின் விட்டம் 18.5 செ.மீ. என்றாலும், 15 மி.மீ. ஆழத்திலேயே அதன் உணர்திறன் பாதியாகிவிடுகிறது. 60 மி.மீ. ஆழத்தில் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். அப்படியானால் வளையத்துக்கும் மண்ணுக்கும் இடையே 15 மி.மீ. புல் மெத்தை இருந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மாசு தங்கியிருப்பதும் அந்த மேல் சில சென்டிமீட்டரில்தான்.

புல்லைத் தரையோடு வெட்டுங்கள். பிடுங்காதீர்கள், வேரோடு மேல்மண்ணும் போய்விடும். சருகை ஒதுக்குங்கள். வனத்தில் மட்கு அடுக்கை ஒதுக்காதீர்கள், காற்றில் வந்த தூசு அதில்தான் தேங்கியிருக்கும். வளையத்தை அழுத்திப் பதித்து, எடுத்து, இடம் மாற்றி, இரண்டு சதுர மீட்டருக்குள் பத்து முறை அளங்கள். சராசரியோடு நடுமதிப்பையும் எழுதுங்கள். இரண்டும் வெகுவாக விலகினால் உள்ளே ஒரு ஆணியோ கசடுத் துண்டோ கிடக்கிறது.

ஒரே புள்ளியில் ஒட்டி வைத்து அளந்தும் 10 சதவீதத்துக்கு மேல் மாறினால் அழுத்தம் சீராக இல்லை என்று பொருள். கைப்பிடியை ஒருவரே பிடிக்கட்டும். ஒரு வரைபடத்துக்கு இரண்டு கை வேண்டாம்.

## ஒரு புள்ளி மட்டும் வானத்தில் நிற்கிறது

சுற்றிலும் 40, 55, 38, நடுவில் 1,100. இதை "மாசு மையம்" என்று வரைபடத்தில் சிவப்பாகத் தீட்டும் முன் முழங்காலிட்டுப் பாருங்கள். செங்கல் சில்லு, உருக்குக் கசடு, துருப்பிடித்த கம்பி, வெல்டிங் சிதறல், அடுப்புச் சாம்பல் இவற்றில் ஏதாவதொன்றாக இருக்கும். சுட்ட செங்கல் தன்னளவிலேயே நல்ல காந்த ஏற்புத்திறன் கொண்டது.

அரை மீட்டர் தள்ளி நான்கு திசையிலும் அளங்கள். நான்கும் 50-க்குத் திரும்பினால் அது ஒரு துண்டு. மெல்லச் சரிந்தால் தூசுப் படிவு. தோண்டத் தோண்ட எண் ஏறிக்கொண்டே போனால் நிறுத்துங்கள். புதைந்த குழாயோ பீப்பாயோ மின்கேபிள் கவசமோ இருக்கலாம். அதற்குமேல் மண்வெட்டியோடு போகக்கூடாது. புதைபொருள் கண்டறியும் புவியியற்பியலாளரை அழையுங்கள்.

ஆய்வகத்தில் இதே அறிகுறி வந்தால் கருவிகளைப் பாருங்கள். இரும்பு மண்வெட்டியின் விளிம்பில் இருந்து உதிரும் ஒரு சிறு துருச் செதில் 10 கிராம் மாதிரியைக் கெடுக்கப் போதும். துருப்பிடிக்காத எஃகுச் சல்லடை பாதுகாப்பு என்று நம்புகிறோம், ஆனால் வளைத்து உருவாக்கிய விளிம்புகளில் அதற்கும் காந்தத்தன்மை வரும். நைலான் சல்லடை, பிளாஸ்டிக் கரண்டி, அகேட் உரல் ஆகியவையே சரி. இரும்புத் துளைப்பான் தவிர்க்க முடியாதபோது மண்ணுருளையின் வெளித்தோலை அரை சென்டிமீட்டர் பிளாஸ்டிக் கத்தியால் சீவி எறிந்துவிட்டு உட்புறத்தை மட்டும் எடுங்கள்.

எதிர்பாராமல் தாழ்ந்த எண் ஒன்றும் இங்கே ஒளிந்திருக்கலாம். 0.1 வீச்சில் நான்கு இலக்கத் திரை 999.9-க்கு மேல் காட்ட இடமில்லாமல் முன் இலக்கத்தை விழுங்கும். சந்தேகம் வந்தால் 1.0 வீச்சில் ஒரு முறை சரிபாருங்கள்.

## களத்தில் ஒன்று, ஆய்வகத்தில் ஒன்று

பாதிச் சண்டை அலகால். களத்தில் கனஅளவு, ஆய்வகத்தில் நிறை. இரண்டையும் ஒரே அட்டவணையில் அடுக்கி ஒப்பிடுவது வீண்.

மீதிப் பாதி ஈரத்தால். மேலே கண்ட 69.4 மண்ணில், ஈர எடையில் 30% தண்ணீராக இருந்தால் அது 48.3 ஆகத் தெரியும்: 0.7 × 69.4-இல் இருந்து தண்ணீரின் சிறு எதிர்மறையைக் கழித்தால் வருவது அது. மாசு குறையவில்லை, நீர்த்துப்போயிருக்கிறது. மழைக்கு முந்தைய வரைபடத்தையும் பிந்தையதையும் ஒப்பிட்டு "மழை மாசைக் கழுவிவிட்டது" என்று எழுதியவர்கள் பலர்.

உலர்த்துங்கள், ஆனால் 40 °செ.-க்கு மேல் போகாமல். 105 °செ. அடுப்பு ஈர அளவுக்கு மட்டும். அதற்குத் தனிப் பங்கு எடுங்கள். சூட்டில் சில இரும்பு நீரக ஆக்சைடுகள் மாறத் தொடங்கும், படிவிலுள்ள இரும்பு சல்ஃபைடுகள் ஆக்சிஜனேற்றமடையும். உலர்ந்ததை 2 மி.மீ. சல்லடையில் சலித்து, டப்பாவைத் தட்டித் தட்டி விளிம்புவரை நிரப்புங்கள். அரை டப்பா நிரம்பிய மாதிரியில் மேற்சொன்ன வாய்ப்பாடு செல்லாது. போதிய மண் இல்லையென்றால் அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாளைத் திணித்து மாதிரியைச் சென்சாரின் நடுவுக்கு உயர்த்தி, எல்லா மாதிரிக்கும் அதே உயரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்தபின் களமும் ஆய்வகமும் ஒரே ஏற்ற இறக்கத்தைக் காட்டினால் போதும். எண்கள் அச்சாக ஒத்துப்போக வேண்டியதில்லை.

## எங்கு அளந்தாலும் உயர்வு: மாசா, பாறையா, மண்ணின் இயல்பா?

இந்த வேலையில் மிகுதியாகத் தவறு நடக்கும் இடம் இது. பசால்ட் பாறையில் விளைந்த மண், பக்கத்தில் ஒரு ஆலைகூட இல்லாமல், சாம்பல் படிந்த சுண்ணாம்பு மண்ணைப் போல் பல மடங்கு காட்டும். போதாக்குறைக்கு, மேல்மண் இயல்பாகவே அடிமண்ணைவிட உயர்வாக இருக்கும். பிரெஞ்சு ஆய்வாளர் லெ போர்ன் 1955-இல் கவனித்துச் சொன்னது இதைத்தான். ஆகவே "மேலே உயர்வு, கீழே தாழ்வு" என்ற ஒன்றை மட்டும் வைத்து ஆலையைக் குற்றம் சொல்ல முடியாது. பிறர் கட்டுரையில் கண்ட எல்லை எண்ணை எடுத்து உங்கள் நிலத்தில் ஒட்டுவதும் ஆகாது. அந்த எண் அந்தப் பாறைக்கு உரியது.

முதல் சோதனை: ஆழம். 40 செ.மீ. குழி. சுவரைப் பிளாஸ்டிக் கத்தியால் சீவி 2 செ.மீ.க்கு ஒரு அளவு. வடிவத்தைப் பாருங்கள்.

மேல் 5 செ.மீ.க்குள் கூர்மையான முகடு, கீழே தட்டையான கோடு என்றால் காற்றில் வந்த தூசு என்று சந்தேகிக்க நல்ல காரணம் இருக்கிறது. மேலிருந்து 20, 30 செ.மீ. வரை சாய்வாக மெல்லக் குறைந்தால் மண்ணாக்கத்தின் வேலை. கீழே போகப் போக ஏறினால் பாறை. 20 செ.மீ. வரை தட்டையாக ஓடிச் சட்டென விழுந்தால் உழவு. அங்கே ஆழச் சோதனை பயன்படாது, வரப்பிலோ உழாத ஓரத்திலோ புதுக் குழி போடுங்கள். நடுவில் படிக்கட்டு போல் ஒரு தாவல் தெரிந்தால் கொட்டி நிரப்பிய மண்.

இரண்டாம் சோதனை: அதிர்வெண். இரட்டை அதிர்வெண் சென்சாரில் 0.465, 4.65 கிலோஹெர்ட்ஸ் இரண்டிலும் அளந்து வேறுபாட்டைச் சதவீதமாக்குங்கள். நம் மாதிரி தாழ் அதிர்வெண்ணில் 86.1, உயர் அதிர்வெண்ணில் 84.3 என்றால் 1.8 ÷ 86.1, அதாவது 2.1%. மண்ணாக்கம் உண்டாக்கும் மேக்னடைட் மிக நுண்ணியது, இந்தச் சதவீதத்தை உயர்த்தும். எரிப்பிலும் உருக்கிலும் பிறக்கும் துகள்கள் பருத்தவை, தாழ்த்தும். ஏற்புத்திறன் உயர்வு, சதவீதம் 2, 3-க்குள் என்றால் ஆலைப் பக்கம் சாய்கிறது. ஏற்புத்திறன் உயர்வு, சதவீதமும் 6 முதல் 10 என்றால் மண்ணே செய்துகொண்டது, அல்லது நிலம் எப்போதோ எரிந்திருக்கிறது. கரித்துண்டு தென்படுகிறதா என்று பாருங்கள்.

இதில் ஒரு பொறி உண்டு. பாறையிலிருந்து உதிர்ந்த மேக்னடைட்டும் பருத்ததே. அதுவும் தாழ்ந்த சதவீதமே தரும். அதனால் ஆழச் சோதனையும் அதிர்வெண் சோதனையும் சேர்ந்து சொன்னால்தான் கணக்கு.

மூன்றாம் சோதனை: கண். 10 கிராம் மண்ணை 100 மி.லி. தண்ணீரில் சோடியம் ஹெக்ஸாமெட்டாபாஸ்பேட் (மண் கட்டிகளைப் பிரிக்கும் உப்பு) சிட்டிகை சேர்த்துக் கலக்குங்கள். நியோடிமியம் காந்தத்தை மெல்லிய பிளாஸ்டிக் பையில் போட்டு அந்தக் குழம்பில் பத்து நிமிடம் சுற்றுங்கள். பையை நல்ல தண்ணீரில் அலசி, காந்தத்தை உருவினால் கறுப்புத் துகள்கள் உதிரும். உலர்த்தி நுண்ணோக்கியில் 40 முதல் 100 மடங்கில் பாருங்கள். பளபளக்கும் உருண்டைகள் தெரிந்தால் உருகி உறைந்தவை: நிலக்கரிச் சாம்பல், உருக்காலை, வெல்டிங். கோணல் முனைகளும் எண்முகப் படிகங்களும் என்றால் பாறை. செதிலும் சுருளும் என்றால் துரு, அரவைத் தூள், அல்லது உங்கள் மண்வெட்டி. சாம்பல் உருண்டைகள் பல சில மைக்ரான் அளவே இருக்கும்; இரண்டொன்று தெரியாததால் இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

ஒரே பாறை, ஒரே மண், காற்றின் எதிர்ப்புறம் என மூன்றும் பொருந்தும் ஒப்பீட்டு இடம் கிடைத்தால் அங்கும் இதே மூன்று சோதனை. மூன்றும் முரண்பட்டால் பாறைக்காந்தவியல் ஆய்வகத்துக்கு ஐந்தாறு மாதிரி அனுப்பி வெப்பக்காந்த வளைவு (சூடேற்றச் சூடேற்றக் காந்தத்தன்மை எப்படி மாறுகிறது என்று காட்டும் கோடு) கேளுங்கள். 580 °செ.-இல் விழுந்தால் மேக்னடைட், 675-ஐ நெருங்கி நீண்டால் ஹேமடைட்டும் (சிவப்பு இரும்பு ஆக்சைடு) உண்டு, 770 பக்கம் தொடர்ந்தால் உலோக இரும்பு. அந்தக் கடைசி ஒன்று மண்ணில் இயல்பாகக் கிடைப்பது அரிது. வந்தால் பெரும்பாலும் மனிதக் கைவேலை.

## அதிர்வெண் சதவீதம் அபத்தமாக வருகிறது

14-க்கு மேல், அல்லது எதிர்மறை. மாதிரி வலுவற்றது என்பதே வழக்கமான காரணம். தாழ் அதிர்வெண்ணில் 8.0, உயர் அதிர்வெண்ணில் 7.6 என்றால் 5% என்று எழுதுவோம். ஆனால் ஒவ்வொரு எண்ணிலும் 0.1 பிசகினால் அது 2.5-ஆகவும் இருக்கலாம், 7.5-ஆகவும் இருக்கலாம். எண் பத்துக்குக் கீழ் இருந்தால் சதவீதத்தை எழுதவே வேண்டாம். 1.0 வீச்சில் எடுத்த எதற்கும் எழுத வேண்டாம்.

வலுவான மாதிரியிலும் அப்படி வந்தால் இரண்டு அளவுகளுக்கும் நடுவே டப்பா சுழன்றிருக்கிறது. மூடியில் ஒரு கோடு போட்டு எப்போதும் ஒரே திசையில் வையுங்கள். அதிர்வெண்ணை மாற்றியதும் மீண்டும் பூச்சியம் போட வேண்டும். அவசரத்தில் விட்டுப்போவது அதுதான்.

## ஓடைப் படிவில் எண் கண்டபடி குதிக்கிறது

மண்ணைவிட ஓடை பொல்லாதது. அது தானே சலித்துப் பிரித்துவிடுகிறது. நீர் வேகம் குறையும் வளைவில் மேக்னடைட்டும் இல்மனைட் என்ற கறுப்புத் தாதுவும் கறுப்பு வரியாகப் படிந்திருக்கும். அதில் ஒரு கரண்டி அள்ளினால் ஆலை இல்லாத ஓடையும் ஆலைக் கழிவு ஓடைபோலத் தெரியும்.

எடுக்கும் இடத்தை மாற்றுவதே முதல் திருத்தம். கறுப்பு வரியை விட்டு, நீர் தேங்கி நுண்சேறு படியும் ஓரங்களில் மேல் 2 செ.மீ.யை மட்டும் பிளாஸ்டிக் கரண்டியால் வழித்தெடுங்கள். 20 முதல் 50 மீட்டர் நீளத்தில் ஐந்து இடம், ஐந்தையும் ஒன்றாகக் கலக்குங்கள். கீழோடையில் தொடங்கி மேல்நோக்கிப் போங்கள். மேலிருந்து இறங்கினால் நீங்கள் கலக்கிய சேறே அடுத்த மாதிரியாக வந்து சேரும். வெள்ளம் வடிந்த கையோடு எடுத்தால் கரை அரித்த பழைய மண்ணைத்தான் அளக்கிறீர்கள்.

அப்படியும் குதித்தால் துகளளவு. மேலே மணல், கீழே சேறு. எண் கீழே ஏறுவது மாசாலா, சேற்றாலா? நைலான் வலையில் ஈரச் சலிப்பு செய்து 500, 250, 125, 63 மைக்ரானில் பிரித்து ஒவ்வொன்றையும் தனித்தனியே உலர்த்தி அளங்கள். 63 மைக்ரானுக்குக் கீழான பங்கின் எண் ஒரு வடிகாலுக்குக் கீழே சட்டென ஏறி, பிறகு மெல்லத் தணிந்தால் அந்த வடிகாலை நோக்கலாம். 125 முதல் 250 வரையிலான பங்கு மட்டும் எகிறினால் கறுப்பு மணல். எல்லா இடங்களையும் இப்படிப் பிரிக்க நேரமில்லையென்றால் 63-க்குக் கீழ் மட்டும் போதும். முழுப் படிவை முழுப் படிவோடு ஒப்பிடுவதை மட்டும் விட்டுவிடுங்கள்.

கிளையோடை கலக்கும் இடத்தில் மூன்று மாதிரி கட்டாயம்: பெரிய ஓடையில் மேலே ஒன்று, கிளையில் ஒன்று, இரண்டும் நன்றாகக் கலந்தபின் ஒன்று. கிளை வேறு பாறையிலிருந்து வந்தால் அந்த ஏற்றத்துக்கு ஆலை பொறுப்பல்ல.

## மாசு இருப்பது உறுதி, மீட்டர் மட்டும் தாழ்வாகவே காட்டுகிறது

அந்த மாசுக்குக் காந்தத் துணை இல்லை. பாதரசம், ஆர்செனிக், நைட்ரேட், பூச்சிக்கொல்லி, கரைந்த நிலையில் வரும் முலாம் பூசும் தொழிற்கழிவு ஆகியவை பொதுவாக மேக்னடைட் துகளில் ஏறி வருவதில்லை. இங்கே மீட்டரைப் பெட்டியில் வைத்துவிட்டு வேதிப் பகுப்பாய்வுக்குப் போங்கள். மீட்டர் தாழ்வாகக் காட்டுவதைத் "தூய்மைச் சான்று" ஆக்குவதுதான் இந்த முறையின் மிக மோசமான பயன்பாடு.

நீர் தேங்கி மேக்னடைட் கரைந்துவிட்டது. மண் சாம்பல் நீலமாக, துருப்புள்ளிகளோடு, அழுகிய முட்டை வாடையோடு இருந்தால் ஆக்சிஜன் இல்லாத நிலையில் நுண்ணிய மேக்னடைட் கரைந்து போயிருக்கும். காரீயமும் துத்தநாகமும் அங்கேயே நிற்கும். நெல்வயல், சதுப்பு, குளத்தடிச் சேறு எல்லாம் இந்தக் கணக்கு. பக்கத்து மேட்டு மண்ணில் அளந்து ஒப்பிடுங்கள். மேடே கிடையாதென்றால் இங்கு காந்த வரைபடம் போடாதீர்கள்.

நீர்த்துப்போயிருக்கிறது. கரிமமோ சுண்ணாம்போ மிகுந்தால் எண் இறங்கும். கரிமத்துக்கு, தனிப் பங்கை 550 °செ.-இல் எரித்து எடையிழப்பைக் கண்டு, ஏற்புத்திறனை மிச்சப் பங்கால் வகுங்கள்: 40% எரிந்து போனால் 0.6-ஆல். எரித்த சாம்பலையே மீட்டரில் வைக்க வேண்டாம், அந்தச் சூட்டில் புது மேக்னடைட் பிறந்துவிடும். சுண்ணாம்பை அமிலம் விட்டுக் கரைப்பதும் வேண்டாம், நுண்ணிய இரும்பு ஆக்சைடும் சேர்ந்து கரையும். அதைக் கணக்கில் திருத்துங்கள்.

## பழைய மாதிரியை மறுபடி அளந்தால் எண் மாறியிருக்கிறது

கறுப்புச் சேறாக இருந்தால் கிரெகைட் என்ற இரும்பு சல்ஃபைடைச் சந்தேகியுங்கள். அது வலுவான காந்தத்தன்மை கொண்டது, ஆலை இல்லாமலே சேற்றில் விளையும், காற்றுப் பட்டால் ஆக்சிஜனேற்றமடைந்து மறையும். புதிதாக எடுத்தபோது 120, மூன்று மாதம் கழித்து 70 என்றால் ஏதோ ஒன்று அழிந்திருக்கிறது. இனி எடுப்பதை டப்பாவில் காற்றில்லாமல் அடைத்து உறைநிலையில் வையுங்கள், சில நாட்களுக்குள் அளங்கள். ஆய்வகத்தில் எச்சக் காந்தத்தையும் (காந்தப்புலத்தை நீக்கியபின் மிஞ்சுவது) ஏற்புத்திறனையும் ஒப்பிட்டால் கிரெகைட் தன்னைக் காட்டிக்கொடுக்கும். அந்த விகிதம் வழக்கத்துக்கு மாறாக உயர்ந்திருக்கும்.

உலர்ந்த மேட்டு மண்ணில் இப்படி மாறினால் காரணம் எளியது: ஈரம் ஏறியிருக்கிறது, அல்லது டப்பா மாறியிருக்கிறது. எடையை மறுபடி போடுங்கள்.

## உலோகப் பகுப்பாய்வு முடிவோடு ஒத்துப்போகவில்லை

முதலில் கேள்: இரண்டு ஆய்வும் ஒரே டப்பாவிலிருந்து எடுத்த பங்கா? 2 மி.மீ.க்குக் கீழான மண்ணில் காந்தமும் 63 மைக்ரானுக்குக் கீழான பங்கில் காரீயமும் அளந்துவிட்டு இரண்டையும் பொருத்தப் பார்ப்பது அடிக்கடி நடக்கிறது. கையடக்க எக்ஸ்-கதிர் கருவியில் அளந்திருந்தால் ஈரம் அந்த எண்ணையும் தாழ்த்தும்.

அடுத்து ஏற்புத்திறனையும் உலோக அளவையும் போட்ட புள்ளி வரைபடத்தைக் கண்ணால் பாருங்கள். முப்பது புள்ளிகள் ஒரு மூலையில் குவிந்து, ஒரே ஒரு புள்ளி தூரத்தில் நின்றால் ஒட்டுறவுக் கெழு (இரண்டும் சேர்ந்து ஏறியிறங்கும் அளவு) 0.9 என்று வரும். அந்த ஒன்றை எடுத்தால் 0.2 ஆகிவிடும். இந்தத் தரவுகளுக்கு, எண்களை விட்டு அவற்றின் வரிசை இடங்களை ஒப்பிடும் தர ஒட்டுறவுதான் பொருத்தம். இருபதுக்குக் குறைந்த புள்ளிகளில் எந்தக் கெழுவையும் நம்பி வரைபடம் தீட்டாதீர்கள்.

பிறகு பிரியுங்கள். பசால்ட் மண்ணையும் சுண்ணாம்பு மண்ணையும் ஒரே வரைபடத்தில் போட்டால் இரண்டு நல்ல கோடுகள் சேர்ந்து ஒரு குழப்பமாகும். பாறை வாரியாக, நிலப்பயன் வாரியாகப் பிரித்துப் பாருங்கள். ஏற்புத்திறனுக்குப் பதிலாக, அதே இடத்தின் மேல்மண்ணுக்கும் 40 செ.மீ. அடிமண்ணுக்கும் உள்ள விகிதத்தை வைத்துப் பொருத்துங்கள். பாறையின் பங்கு பெருமளவு கழிந்துவிடும்.

உலோகங்களையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். துத்தநாகம் ஒத்துப்போய், செம்பு ஒத்துப்போகவில்லை என்றால் அது தோல்வியல்ல. செம்பு வேறு வழியாக, தெளித்த மருந்திலோ உரத்திலோ வருகிறது என்ற துப்பு.

இதற்கும் பலன் இல்லையென்றால் எச்சக் காந்த அளவீட்டுக்கு அனுப்புங்கள். 1 டெஸ்லாவில் காந்தமேற்றி, பின் எதிர்த்திசையில் 0.3 டெஸ்லா கொடுத்து அளக்கும் எஸ்-விகிதம் 1-ஐ நெருங்கினால் மேக்னடைட் வகை ஆள்கிறது. வெகுவாகக் குறைந்தால் ஹேமடைட்டும் கோதைட்டும் கணிசம்; அவை ஏற்புத்திறனில் ஏறக்குறையத் தெரியாது. துருவோடும் சிவப்புக் கழிவுச் சேறோடும் வரும் உலோகத்தை ஏற்புத்திறன் தவறவிடுவது இதனால்தான். அங்கே 1 டெஸ்லா எச்சக் காந்தத்தையே வரைபட அளவாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதற்கு ஆய்வகச் செலவு ஒவ்வொரு மாதிரிக்கும் உண்டு.

வேதி ஆய்வகத்துக்கு எத்தனை மாதிரி அனுப்புவது என்பதற்கு ஒரு நடைமுறை: காந்த எண்ணின்படி எல்லா மாதிரியையும் வரிசைப்படுத்தி, மேல், நடு, கீழ் மூன்று பகுதியிலிருந்தும் சம அளவில், மொத்தத்தில் பத்தில் ஒன்றையாவது எடுங்கள். உயர்ந்தவற்றை மட்டும் அனுப்பினால், தாழ்ந்த எண் காட்டும் இடத்தில் காரீயம் இருந்தாலும் அது உங்கள் கண்ணில் படாது.